அணியத்தில் அம்மா

மகன்,

இந்தக் கடுதாசி நண்டுப் பெட்டிக்கு மேலே ஏறியிருந்து உன்னிடம் வருகிறது. மோட்டச்சைக்கிளில் மீன் கட்டிக்கொண்டு போய் விற்கிற யூட் தம்பி உங்கள் பண்டத்தரிப்புப் பக்கம்தான் போகிறவன். அதனால் இரண்டையும் அவனிடமே கொடுத்துவிட்டேன். மணத்தால் முகத்தைச் சுளிக்காதே, உன்னை வளர்த்த மணம்தான். நண்டை ஜெனிற்றாவிடம் கொடு, கடுதாசியை நீ வைத்துக்கொள், மாறிக் கொடுத்துவிடாதே. ஒளித்து வாசிக்கவும் தேவையில்லை. சாப்பிட்டு முடிந்து எல்லாரும் ஆறுதலாக இருக்கிற நேரம், மாமாவுக்கும் மாமிக்கும் கேட்கிறமாதிரி உரத்து வாசி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளின் எழுத்து. தடக்குகிற இடத்தில் உன் பெண்சாதி எடுத்துக் கொடுப்பாள். நேசறிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சருக்கு இதைவிடக் கோணல் எழுத்தெல்லாம் பழக்கம்தானே.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு சொல் சொல்ல நீ நாலு சொல் சொல்வாய். பக்கத்தில் உன் அப்பா நின்று "என்னவாம், என்னவாம்" என்று என் தோளைச் சுரண்டுவார். கடுதாசி என்றால் நீ குறுக்கே கதைக்க முடியாது. அந்தச் சுகத்துக்காகவே இன்னும் இரண்டு தாள் கூட எழுதலாம்போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்துச் சொன்னதற்குத்தான் இது பதில். "அம்மா, புது எஞ்சின் பூட்டியாச்சாம் எண்டு கேள்விப்பட்டன். சனிக்கிழமை மாமாவோடை கதைக்கப்போறன். நானும் ஜெனிற்றாவும் அங்கையே வந்து இருக்கிறம். அப்பாவைத் தனியக் கடலுக்கு விடேலாது" என்றாய். நல்ல சொல்தான், நல்ல பிள்ளைதான். ஆனால் உன் குரல் பல்லுப் பிடுங்கப் போகிறவனின் குரல்மாதிரி இருந்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ஓம்" என்று ஒரு சொல் சொன்னார். பிறகு போனைச் சுடுகிற சட்டிபோல என் கையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். ஆகவே மகன், சனிக்கிழமை நீ மாமாவோடு வாய் திறக்க முதல் இதை முழுதாக வாசித்து முடி.

கலியாணம் முடிந்து நீ பெண் வீட்டோடு போனதில் ஒரு புதினமும் இல்லை. எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் எல்லாரும் போகிற போக்குத்தான் அது. உன் அப்பாவும் ஒரு சூட்கேசும் ஒரு வலையுமாக என் வீட்டுக்கு வந்தவர்தான். ஆனால் அவர் இரண்டு ஒழுங்கை தள்ளி வந்தார். நீ போனதோ கடற்காற்றே எட்டாத தோட்டக் காணிக்குள். போயும் நீ கடலை விட்டபாடில்லை. அந்தப் பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் உனக்குத் தெரியாததா. தலையில் கயிற்றைச் சுற்றி இழுக்கவேண்டும். ஒருதரம் இழுத்தால் இருமும், இன்னொருதரம் இழுத்தால் துப்பும், பிறகு தனக்கு மனம் வந்தால் பிடிக்கும். அப்பாவின் வலது தோள் போன மாரியோடு அந்தக் கயிற்றுக்குக் கோபம். அதனால் நீ விடியப்புறத்தில் பனியைக் கிழித்துக்கொண்டு மோட்டச்சைக்கிளில் வந்தாய். கயிறு இழுத்தாய், வலை இழுத்தாய், திரும்பிப் போய் மாமாவின் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினாய். ஒரு காலமை எங்கள் குசினி வாங்கில் சாப்பிட இருந்தபடியே, கையில் கடித்த பாணோடு நித்திரையாகிவிட்டாய். நான் பாணை மெல்ல உருவி எடுத்தேன். நீ வெறும் விரலை வாயில் வைத்துச் சப்பினாய். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகு நீ போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சிரிப்பு வரவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு நாங்கள் உங்களிடம் வந்தது நினைவிருக்கிறதா. சாப்பிட்ட கை காய முதல் நீ என்னை இழுத்துக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போனாய். "அம்மா, செருப்பைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ" என்றாய். வாய்க்காலில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினாய். தண்ணீர் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஒரு குட்டிப் பாம்புபோலத் தலையைத் தூக்கிப் பாத்திக்குள் நுழைந்தது. சிவந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. குளிர்ச்சி என் உள்ளங்காலால் ஏறி நெஞ்சுவரைக்கும் வந்தது. நீ இது இன்ன பாத்தி, இது எப்போது நட்டது, இந்த மூலையில் ஏன் தாள் மஞ்சளாக இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாய். நான் வெங்காயத்தைப் பார்க்கவில்லை, உன் வாயைத்தான் பார்த்தேன். இவ்வளவு சொல் இந்தப் பிள்ளைக்குள் எங்கே கிடந்தது என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளி நின்ற மாமா, "சம்பந்தியம்மா, மருமோன் எங்களோடை கதைக்கிறதைவிட வெங்காயத்தோடைதான் கூடக் கதைக்கிறார்" என்றார். உன் அப்பா கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைக்கிற மிசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை என்றுதான் நீயும் நானும் நினைத்தோம்.

அதற்கு அடுத்த கிழமைதான் பழைய எஞ்சின் நடுக் கடலேரியில் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு ஒரேயடியாகக் கண்ணை மூடியது. அப்பா உனக்கு "வேலை முடியுமட்டும் வராதை, போட் கரையிலை கிடக்கு" என்று மட்டும் சொன்னார். புது எஞ்சின் வந்த காசுக் கதையை நீ கேட்கவேண்டாம். எனக்குச் சீட்டு விழுந்தது, கடன் ஒன்றும் இல்லை. அதற்குமேல் உனக்குக் கதையும் இல்லை.

எஞ்சின் வந்த அன்று அதைப் பூட்ட மெக்கானிக் றொபேட் வந்தான். நாங்கள் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் எஞ்சினைப் பார்க்கவேயில்லை. ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துப் போட்டின் பின்பலகையைத் தட்டிக்கொண்டு போனான். ஒரு பக்கம் "டொக், டொக்" என்றது. நடுவில் வர "பொத்" என்றது.

"அண்ணை, எஞ்சின் புதுசு. அதைக் கொழுவுற பலகை உள்ளுக்குள்ளை உக்கிப்போச்சு" என்றான்.

"நானும்தான் உக்கிப்போனன். என்னிலையும் ஒராள் எத்தினை வருசமாக் கொழுவிக்கொண்டு நிக்கிறா, நான் விழுந்தனோ?" என்றார் உன் அப்பா.

"நான் கழண்டுபோனாத் தெரியும் ஆர் தாங்கிக்கொண்டு நிண்டது எண்டு" என்றேன்.

றொபேட் சிரிக்காமல் அறுக்கிற வாளை எடுத்தான். மேல் பைபரை வெட்டித் திறந்தபோது உள்ளே இருந்த பலகை தேத்தண்ணியில் ஊறின பிஸ்கட்போலக் கையோடு வந்தது. வெளியில் வழுவழு என்று நீல வர்ணம், நீயே பூசினது. உள்ளே இந்தக் கோலம். அதற்குமேல் புது எஞ்சினை ஏற்றியிருந்தால் அது பலகையோடு கழன்று தாழ்ந்திருக்கும், பின்னால் உன் அப்பாவும். அன்றைக்கு அவர் அதிகம் பகிடி விடவில்லை.

பிறகு போட் வெயிலில் காயவேண்டியிருந்தது. பின்பக்கம் திறந்தபடி, வாய் பிளந்து நித்திரை கொள்கிற கிழவன்போல அது கரையில் கிடந்தது. பின்னேரங்களில் கிழிந்த வலை பொத்துவதற்கு எனக்கு அது நல்ல இடமாகிவிட்டது. ஏறி, முன்பக்கத்தில், நாங்கள் அணியம் என்கிற அந்த மூக்கில் சாய்ந்து இருப்பேன். மண்டைதீவுப் பக்கமிருந்து காற்று வரும். வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து வந்து போட்டின் உள்பக்கத்தில் நெளியும். கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் போட் மெல்ல நகர்கிறது என்று சத்தியம் பண்ணுவேன். கண்ணைத் திறந்தால் அதே மணல், அதே காகம், அதே கயிறு. கடற்கரையில் பிறந்து, கடற்காரனைக் கட்டி, கடற்காரனைப் பெற்றவள், ஒரு போட்டுக்குள் இவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல்தரம். எங்கள் கரையில் பெண்கள் வலை பொத்துவோம், நண்டு கழற்றுவோம், விற்போம், சண்டை பிடிப்போம். போட்டில் மட்டும் ஏறுவதில்லை, ஏறினால் மீன் படாதாம். கரையில் கிடக்கிற போட்டுக்கு அந்தச் சட்டம் இல்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

புதுப் பலகை வைத்துப் பைபர் ஒட்டி எஞ்சினும் ஏறிற்று. அது கயிறு இழுக்கிற சாதி இல்லை மகன். பற்றறி இருக்கிறது, திறப்பைத் திருப்பினால் ஸ்ராட். மண்ணெண்ணெயும் இல்லை, வெறும் பெற்றோல். "எண்ணெய் கலக்கவேண்டாம் அண்ணை, இது கலக்கிற எஞ்சின் இல்லை, எண்ணெய்க்கு வேறை இடம் இருக்கு" என்று றொபேட் தலையால் அடித்துச் சொன்னான். அப்பாவும் தலையாட்டினார். அவன் தேத்தண்ணி குடிக்க இந்தப் பக்கம் திரும்பினதுதான் தாமதம், இவர் பழைய வழக்கத்தில் ஒரு போத்தல் எண்ணெயைத் தாங்கிக்குள் கவிழ்த்துவிட்டார். பாவம், கை தன்பாட்டில் செய்த வேலை. தாங்கி முழுதையும் ஊற்றிக் கழுவவேண்டி வந்தது. அதோடு முடிந்ததா. புது எஞ்சின் சத்தமே போடாது. ஸ்ராட் ஆகிவிட்டது என்று தெரியாமல் திறப்பைத் திரும்பவும் திருப்புவார், அது உள்ளே பல்லைக் கடித்துப் பன்றிபோலக் கீச்சிடும். ஒழுங்கை முழுக்க "பண்டி கத்துது" என்று சிரிப்பு.

றொபேட் இன்னொன்றும் சொன்னான். புது எஞ்சினை முதல் கொஞ்சக் காலம் முழு வேகத்தில் ஓட்டக் கூடாதாம். உள்ளே இருக்கிற இரும்புகள் ஒன்றோடு ஒன்று உரஞ்சிப் பழகவேண்டுமாம். அதுவரைக்கும் ஆறுதல், ஆறுதல். இதைக் கேட்டபோது எனக்கு உங்கள் இரண்டு பேரின் ஞாபகம்தான் வந்தது. கலியாணம் கட்டி ஒரு வருசம் ஆகவில்லை, நீ விடிய முதல் ஓட்டம், பின்னேரம் ஓட்டம், இரவு கட்டையாக விழுந்து நித்திரை. அந்தப் பிள்ளை உன்னோடு உரஞ்சிப் பழகுவது எப்போது. ஜெனிற்றா, இதை வாசிக்கும்போது வெட்கப்பட்டால் அடுத்த பந்திக்குப் போ. உன் மாமி நான் பகிடிக்காரிதான், ஆனால் இதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்த்த நாள்தான் என் கதை மாறின நாள். அப்பா மட்டும் பின்னால் இருந்து கொஞ்சம் வேகம் கொடுத்தார். புது எஞ்சின் பழையதைவிடப் பாரம், பற்றறியும் பாரம், அவரும் லேசான ஆள் இல்லை. போட்டின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்ப, பின்பக்கம் தண்ணீருக்குள் குந்திவிட்டது. முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. களங்கட்டி வலைக்காகத் தண்ணீருக்குள் நட்டிருந்த கம்பு ஒன்றை மயிரிழையில் தப்பி வந்தார்.

"முன்னுக்கு ஒரு ஆள் பாரம் வேணும் அண்ணை" என்றான் றொபேட்.

"மகன் வந்தா அவன் முன்னுக்கு இருப்பான்."

"அவர் வருமட்டும்?"

மண் மூட்டை வைத்துப் பார்த்தார்கள். மூட்டை வழுக்கி நடுவுக்கு வந்தது. திரும்பவும் வைத்தார்கள், அது தண்ணீர் குடித்துக் கிழிந்தது. றொபேட் கரையைப் பார்த்தான். கரையில் நான் தேத்தண்ணிப் போத்தலோடு நிற்கிறேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பிள்ளை. உன் அப்பாதான் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

"இஞ்சேர், ஏறு."

"எங்கை?"

"முன்னுக்கு. இவ்வளவு காலமும் சோறு போட்டு வளத்ததுக்கு ஒரு பிரயோசனம் வேண்டாமோ?"

"சோறு சமைச்சது ஆர்?"

ஏறினேன். அந்தச் செம்மஞ்சள் மிதப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு அணியத்தில் இருந்தேன், பூசணிக்காயைத் தலைப்பக்கம் வைத்தமாதிரி. மூக்கு இறங்கியது. போட் நேராக, ஒரு சொல் பேசாமல், எண்ணெய் பூசின பலகையில் வழுக்குவதுபோலப் போனது. என் பாரத்தைப் பற்றி எத்தனை வருசம் பகிடி பண்ணின மனுசன் பின்னால் இருந்து, "நல்லா இருக்கு, அசையாதை, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் போட் ஆடியது.

பங்குச் சுவாமி வந்து போட்டை மந்திரித்தபோது நீ இல்லை. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், தீர்த்தம் தெளிக்கிற நேரம் அந்தப் போட்டில் போகிறவர்கள் எல்லாரும் அதன் விளிம்பில் கைவைத்து நிற்கவேண்டும். அப்பா கை வைத்தார். சுவாமி மற்றக் கையைத் தேடினார். ஒருவரும் அசையவில்லை. நான் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுப் போய் வைத்தேன். உன் இடத்தைப் பிடித்து வைக்கத்தான் வைத்தேன், பஸ்ஸில் துவாய் போட்டு இடம் பிடிக்கிறமாதிரி. சுவாமி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். தீர்த்தத்தைக் கொஞ்சம் கூடவே தெளித்தார்.

அடுத்த வளவு அருளப்பு அண்ணை சும்மா இருப்பாரா. "என்ன, மனுசியைக் காத்து வாங்கக் கூட்டிக்கொண்டு போறியோ?" என்று கரை முழுக்கக் கேட்கக் கேட்டார்.

"இல்லை அண்ணை, பாரத்துக்கு" என்றார் அப்பா.

கரையே சிரித்தது, நான்தான் கூடச் சிரித்தேன். அன்றைக்குப் பட்ட நண்டு ஒரு சட்டிக்குக் காணாது. முதல் நாள் பாடு கோயிலுக்கு என்பதால் அதையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். "சொன்னனான் எல்லே, பெம்பிளை ஏறின போட்" என்றார் அருளப்பு அண்ணை. "நண்டு ஆள் பாத்தோ வலையிலை விழுறது?" என்று அப்பா கேட்டார். அடுத்த நாளும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார், அதற்கடுத்த நாளும். நண்டு பிறகு தன்பாட்டில் வந்தது. நான் கழற்றுகிற நண்டுக்குக் கால் முறியாது, அது உனக்கே தெரியும். கரைக்கு வந்து கழற்றுகிறதைப் போட்டிலேயே கழற்றினால் உயிரோடு பெட்டிக்குப் போகிறது. வாங்குகிறவன் இப்போது எங்கள் பெட்டியைத்தான் முதலில் திறக்கிறான். அருளப்பு அண்ணையின் மனுசி நேற்று என்னிடம், அந்த மிதப்புச் சட்டை எங்கே வாங்கினது என்று மெல்லக் கேட்டாள்.

உனக்கு ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பாதான் "அவனுக்குச் சொல்லாதை" என்றார். வெட்கம் என்று நினைத்தேன். வெட்கம் இல்லை, நீ அதைக் கேட்டு என்ன நினைப்பாய் என்ற யோசனை என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த எஞ்சினின் சத்தமில்லாத்தனத்தைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். நீயும் அப்பாவும் எத்தனை வருசம் ஒரே போட்டில் போனீர்கள். அந்தப் பழையது கத்தின கத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்டிருக்குமா. கையைக் காட்டுவீர்கள், தலையை ஆட்டுவீர்கள், கரைக்கு வந்தால் காது இரைந்துகொண்டு இருக்கும், பேச்சு இல்லை. இப்போது விடியப்புறத்தில் கிழக்கு வெளிக்க முதல் போகிறோம். தண்ணீர் பால்போலக் கிடக்கிறது. எது தண்ணீர், எது வானம் என்று கோடு இல்லை. பண்ணைப் பாலத்து வெளிச்சங்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. சில நாள் தூரத்தில் பூநாரைகள் நிற்கும். நிற்கின்றனவா, நான்தான் நித்திரையில் காண்கிறேனா என்று தெரியாத அளவுக்கு மங்கல். போட் போகிறதா, தீவுகள்தான் எங்களைத் தாண்டிப் போகின்றனவா என்றும் தெரியாது. அந்தக் கனவுக்குள்ளே பின்னாலிருந்து உன் அப்பாவின் குரல் சாதாரணமாக வரும், குசினிக்குள் நின்று கேட்கிறமாதிரி, "தேத்தண்ணிக்குச் சீனி போட்டனியோ?" என்று.

திங்கட்கிழமை காலமையும் அப்படித்தான் போனோம். நீ போன் எடுத்ததற்கு அடுத்த நாள். வலைக்குக் கிட்டப் போனதும் எஞ்சினை நிற்பாட்டினார். ஆனால் வலையைத் தூக்கவில்லை. எஞ்சினில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு இருக்கிறது, மணிக்கட்டில் கொழுவவேண்டும், ஆள் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். நான்தான் ஒவ்வொரு நாளும் அதைக் கொழுவி விடுகிறது, அதனால் நீ பயப்படாதே. அதை விரலில் சுற்றிச் சுற்றிக் கொண்டிருந்தார்.

"இஞ்சேர்."

"என்ன?"

"அந்த வெங்காயம் எப்ப கிண்டுறது?"

"நண்டுக்காரியிட்டைக் கேக்கிற கேள்வியோ உது?"

"அவன் சொன்னவன் எல்லே, உயிர்த்த ஞாயிறுக்குப் போகேக்கை."

"எனக்கெல்லோ சொன்னவன். நீங்கள் கிணத்தடியிலை மிசினோடை நிண்டனீங்கள்."

"காது கேட்டது."

போட் தன்பாட்டில் மெல்லத் திரும்பியது.

"போட்டிலை இருக்கேக்கை அவன் எப்பவும் கரையைத்தான் பாத்துக்கொண்டு இருப்பான். கலியாணத்துக்கு முதலும் அப்பிடித்தான். பெட்டையை நினைக்கிறான் எண்டு இருந்திட்டன்."

"கலியாணத்துக்கு முதல் எந்தப் பெட்டை?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

சிரித்தோம். பிறகு அவர் சொன்னார், "அவன் கடலுக்குப் பயந்தவன் இல்லை."

"இல்லை."

"வேலைகாரன்."

"ஓம்."

"ஆனா கடலிலை நிக்கேக்கை வேலை செய்யிறான். தோட்டத்திலை நிக்கேக்கை அவன்..." தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"விளையாடுறான்" என்றேன்.

"ஓம். உதுதான்."

"பின்னை ஏன் நேற்றுப் போனிலை ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

அந்த நேரம் கிழக்கில் ஒரு மெல்லிய கீற்று விழுந்தது, அவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. "வா எண்டு சொன்னா வந்திடுவான்" என்றார். "வராதை எண்டு சொன்னா, அப்பா என்னை வேண்டாம் எண்டிட்டார் எண்டு நினைப்பான். எனக்கு உந்த ரெண்டுக்கும் நடுவிலை வேறை சொல் தெரியாது. அதுதான் ஓம் எண்டனான். நீ எழுது."

"நானோ?"

"உனக்குத்தானே வாய் இருக்கு."

"எழுதிறது கையாலை."

"ரெண்டும் உனக்கு நீளம்தான்."

"என்ன எண்டு எழுத?"

வலை மிதப்பு ஒன்று போட்டின் பக்கத்தில் வந்து தட்டித் தட்டி நின்றது. அவர் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போட் நிரம்பியிட்டுது, ஆள் ஏத்த இடமில்லை எண்டு எழுது."

எழுதிவிட்டேன் மகன். அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அதை அவர் சொன்னபோது குரல் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியாது, நீ அவரின் பிள்ளை, உனக்கே கேட்கும். உன் இடத்தைப் பிடிக்கத்தான் நான் துவாய் போட்டேன் என்று சொன்னேன் எல்லே. இப்போது நானே அதில் இருந்துவிட்டேன், எழும்புகிற எண்ணம் இல்லை. கெஞ்சினாலும் தரமாட்டேன். உன்னில் இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறேன் என்று மட்டும் நினைக்காதே, எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. நீ வந்தால் நான் திரும்பவும் கரையில் தேத்தண்ணிப் போத்தலோடு நிற்கவேண்டும். இவ்வளவு வயதுக்குப் பிறகு தண்ணீருக்கு மேலே விடியலைக் கண்டவளை நீ கரையில் ஏற்றப் போகிறாயா.

சம்பந்தியார், இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் மருமகனை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. சனிக்கிழமை அவன் ஏதோ கதைக்க வேண்டும் என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்தால், அடுத்த போகத்துக்கு என்ன நடுகிறது என்று நீங்களே முந்திக் கேட்டுவிடுங்கள். பிறகு அவன் வாயை மூடுவது உங்கள் பாடு.

ஜெனிற்றா பிள்ளை, நண்டுக்கு மிளகு கொஞ்சம் கூடப் போடு, அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும். அவன் தோட்டத்தில் நின்று பிந்தினால் நீ வீட்டுக்குள் இருந்து கூப்பிட்டுக் கத்தாதே. போய் வரம்பில் அவன் பக்கத்தில் குந்தியிரு. அவன் வெங்காயத்தோடு கதைக்கிறதில் பாதியை உன்னோடு கதைப்பான். நான் பிந்திப் படித்த பாடம், உனக்கு முந்தியே தருகிறேன்.

மகன், நாளைக்கு விடியப்புறத்தில் உனக்குப் பழக்கத்தில் முழிப்பு வரும். உடம்பு எழும்பி மோட்டச்சைக்கிள் திறப்பைத் தேடும். தேடாதே. அந்த நேரம் நாங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் இருப்போம். இவர் பின்னால், நான் முன்னால், நேராகப் போய்க்கொண்டு இருப்போம். நீ திரும்பிப் படு.